மீன் தொட்டிக்குள் ஒரு 175 வருடச் சண்டை

மூன்று மாதத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் ஒரு கொலை நடந்தது. செய்தவன் நான். செத்தது என் தங்கையின் தங்கமீன். ஆயுதம், பத்து சொட்டு நீல மருந்து.

விஷயம் இதுதான். என் படிக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக ஒரு இரண்டடித் தொட்டி. அதில் ஒரு தங்கமீன், நாலு மோலி, கொஞ்சம் செடி, எங்கிருந்தோ செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த சில நத்தைகள். செமஸ்டர் தேர்வு நேரத்தில் ஒரு மாதம் அந்தப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை (தீனி மட்டும் ஆளுக்கு ஒரு தடவை போட்டிருக்கிறோம். நான் போட்டது தங்கைக்குத் தெரியாது, அவள் போட்டது அம்மாவுக்குத் தெரியாது). தேர்வு முடிந்து பார்த்தால் மணல், செடி, கண்ணாடி எல்லாவற்றின் மேலும் கரும்பச்சையாக ஒரு போர்வை. தொட்டால் வழவழவென்று தாள் தாளாக உரிந்து வருகிறது. கையை முகர்ந்தால் சாக்கடையும் ஈரமண்ணும் கலந்த மாதிரி ஒரு வாடை.

மீன் வாங்கிய கடையில் போய்ச் சொன்னேன். "பாசிதான் தம்பி. இதை ஊத்துங்க, ரெண்டே நாள்ல காணாமப் போயிடும்" என்று ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார். ஊற்றினேன். சொன்னது போலவே இரண்டு நாளில் பச்சை வெளுத்தது. ஆனால் நத்தைகள் எல்லாம் கண்ணாடியிலிருந்து கழன்று அடியில் விழுந்து கிடந்தன. மூன்றாம் நாள் விடியற்காலையில் தங்கமீன் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. "அண்ணா, நீதான் கொன்னே" என்று சொன்ன தங்கை, அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பாட்டிலில் இருந்த பொடி எழுத்தை அப்புறம்தான் படித்தேன். செம்பு உப்பு. சரி, இந்தச் செம்பை மீன் தொட்டியில் ஊற்றலாம் என்று யார் முதலில் கண்டுபிடித்தது என்று தேடப் போய், அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் அந்தப் 'பாசி' என்ற சொல். தமிழில் அது ஒரு பெரிய கூடாரம். குளத்துப் படியில் வழுக்குவது பாசி, மழைக்காலச் சுவரில் படர்வது பாசி, குளத்து நீரில் மூழ்கி வளரும் கொடியும் பாசி, கழுத்தில் போடும் மணியும் பாசி. இந்தக் கூடாரத்துக்குள் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஆசாமிதான் என் தொட்டிக்கு வந்தவர். அவர் யார் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரை வெயிலில் வைத்தால் பச்சை வரும் என்பதை விஞ்ஞானிகள் கவனித்தது மீன் வளர்ப்பதற்கு முன்பே. ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லி, 1770-களின் கடைசியில் தன் சோதனைப் பாத்திரங்களின் உள்சுவரில் ஒரு 'பச்சைப் பொருள்' படிவதையும், அதிலிருந்து சுத்தமான காற்று குமிழ் குமிழாக வருவதையும் பார்த்தார். அது தாவரமா வேறு எதாவதா என்றுகூட அவருக்கு முதலில் புரியவில்லை. 1779-ல் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், பச்சை இலைகள் அந்தக் காற்றை வெளியிட வெளிச்சம் வேண்டும், இருட்டில் அது நடக்காது என்று காட்டினார். இந்த இரண்டும் சேர்ந்துதான் மீன் தொட்டி என்ற யோசனைக்கே அடிப்படை. அதாவது பாசி என்பது மீன் தொட்டிக்குப் பிறகு வந்த தொல்லை அல்ல. தொட்டிக்கு முன்னோடி!

இனி லண்டனுக்கு. ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு வேதியியலாளர். 1841-ல் அங்கே கெமிக்கல் சொசைட்டி உருவாகக் காரணமாக இருந்தவர். அபாத்திக்கரிஸ் ஹால் என்ற, மருந்து தயாரிப்பவர்களின் பழம்பெரும் சங்கத்தில் அவருக்கு வேலை. 1849-ல் அவர் சுமார் 12 காலன் (ஏறக்குறைய 55 லிட்டர்) கொள்ளும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, அடியில் மணலும் சேறும் கல்லும் போட்டு, வாலிஸ்னேரியா என்ற நாடா மாதிரி இலையுள்ள செடியை நட்டு, இரண்டு சின்னத் தங்கமீன்களை விட்டார். அவருடைய கணக்கு எளிமையானது. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும், தண்ணீரை மாற்றவே வேண்டாம்.

கணக்கு ஓரளவு சரியாகத்தான் வந்தது. ஆனால் கொஞ்ச நாளில் செடியின் பழைய இலைகள் அழுக ஆரம்பித்தன. தண்ணீர் கலங்கியது. கண்ணாடியிலும் நீர்ப்பரப்பிலும் வழவழப்பாகப் பச்சை இழைகள் படர்ந்தன. அதாவது இன்றைக்கு மீன் வளர்க்கிற ஒவ்வொருவரும் முதல் மாதத்தில் பார்ப்பதை அந்த மனிதரும் பார்த்தார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். ஏனென்றால் வாரிங்டன் வேலை பார்த்தது மருந்து தயாரிக்கும் இடத்தில். எந்த உப்பு வேண்டுமோ அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். என்னை மாதிரி எதையாவது ஊற்றியிருந்தால் அவருடைய இரண்டு தங்கமீனும் அன்றைக்கே போயிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. குளத்தில் இதே இலை அழுகுகிறதே, அங்கே யார் கூட்டிப் பெருக்குகிறார்கள் என்று யோசித்தார். ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகிய இலையையும் வழவழப்பையும் தின்று தீர்த்தன. தண்ணீர் தெளிந்தது. நத்தை போட்ட முட்டைகளும் குஞ்சுகளும் மீனுக்குத் தீனியாகிவிட்டன. மீன், செடி இரண்டு மட்டும் போதாது, கழிவைத் தின்னும் மூன்றாவது ஆள் ஒருவன் வேண்டும் என்பதுதான் அவர் கண்டது. இதை 1850-ல் கெமிக்கல் சொசைட்டியின் காலாண்டு இதழில் கட்டுரையாக எழுதினார். மீன் தொட்டியில் பாசியைச் சமாளித்தது பற்றி ஒழுங்காக எழுதி அச்சான பழைய பதிவுகளில் இது முக்கியமானது என்பேன். (கண்ணாடித் தொட்டியை முதலில் செய்தவர் யார் என்று சண்டைக்கு வராதீர்கள். வாரிங்டனுக்கு முன்பே, 1832-ல், சிசிலித் தீவில் ழான் வில்ப்ரே-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி கடல் உயிரிகளைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து ஆராய்ந்திருக்கிறார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

அப்புறம் என்ன, மோகம்தான். பிரிட்டனில் கண்ணாடிக்கு இருந்த வரியை 1845-லேயே எடுத்துவிட்டார்கள், கண்ணாடி மலிந்தது. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்று ஒரு கூடம் திறந்தார்கள். 1854-ல் பிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' என்ற புத்தகத்தை வெளியிட, வசதியான வீட்டு வரவேற்பறைகளில் எல்லாம் தொட்டி முளைத்தது. அதை அழகுக்காக ஜன்னலோரம் வைத்தார்கள். வெயில் நேராக விழுந்தது. பிரீஸ்ட்லியின் பச்சைப் பொருள் ஒவ்வொரு வீட்டிலும் வந்து உட்கார்ந்தது. 1860-களில் அந்த மோகம் வடிந்துபோனதற்குப் பல காரணம் சொல்வார்கள். நாறிப்போன பச்சைத் தண்ணீரும் அதில் ஒன்று என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன் :)

அந்தக் காலத்தில் இதற்கு மருந்தில்லாமல் வழி தேடிய இன்னொருவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். லண்டனில் மீன் தொட்டிக் கடை வைத்திருந்தவர், பிறகு ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும், 1871-ல் திறந்த லண்டன் கிரிஸ்டல் பேலஸ் அக்வேரியத்திலும் பெரிய வேலை பார்த்தார். அவர் செய்தது, பார்வையாளர் காணும் தொட்டிகளில் உள்ளதைவிட அதிகத் தண்ணீரைக் கீழே ஒரு இருட்டுத் தேக்கத்தில் வைத்து, பம்ப் மூலம் சுற்றிக்கொண்டே இருக்க விட்டது. அது கடல்நீர்தான், ஆனால் விஷயம் நன்னீருக்கும் ஒன்றே. பச்சைக்கு வெளிச்சம் சாப்பாடு. இருட்டில் கிடந்து வரும் தண்ணீரில் அது தலையெடுக்க முடியாது. இன்று மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடி வைக்கிறோமே, அதன் தாத்தா இந்தத் தேக்கம்.

இப்படி நத்தை, இருட்டு என்று போய்க்கொண்டிருந்த கதையில் செம்பு எப்போது நுழைந்தது?

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர் கார்ல் நேகெலி, ஸ்பைரோகைரா என்ற இழைப்பாசியை வைத்துச் சோதனை செய்யும்போது, தண்ணீரில் மிகமிகச் சொற்ப அளவில் செம்பு இருந்தாலே அது செத்துப்போவதைக் கண்டார். அவர் 1891-ல் இறந்து, இரண்டு வருடம் கழித்து 1893-ல்தான் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஜார்ஜ் மூர், கார்ல் கெல்லர்மன் என்ற இருவர். அமெரிக்க நகரங்களின் குடிநீர் ஏரிகளில் அப்போது பாசி பெருகி, குழாய்த் தண்ணீர் மீன் வாடை அடித்தது. 1904-ல் இவர்கள் வெளியிட்ட அறிக்கை சொன்ன வழி, செம்பு சல்பேட்டை, அதாவது நம்மூர் மயில்துத்தத்தை, சாக்கில் கட்டிப் படகின் பின்னால் தொங்கவிட்டு ஏரி முழுக்க இழுத்துப் போவது. மலிவு, வேகம், கண்ணுக்கு முன்னால் பலன். அடுத்தடுத்த வருடங்களில் ஏரி ஏரியாகப் பரவியது. இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. அதே உப்புதான் பிறகு சின்ன பாட்டிலில் அடைபட்டு மீன் கடைக்கும் வந்தது.

ஆனால் அந்த இருவரும் இன்னொன்றையும் எழுதி வைத்திருந்தார்கள். எந்த மீன் எவ்வளவு செம்பு சல்பேட்டைத் தாங்கும் என்று 1905-ல் வந்த அடுத்த அறிக்கையில் ஒரு பட்டியல். டிரவுட் மீனுக்குப் பத்து லட்சத்தில் 0.14 பங்கு. தங்கமீனுக்கு 0.5 பங்கு. அதாவது 100 லிட்டர் தொட்டியில் 50 மில்லிகிராம், ஒரு சிட்டிகைக்கும் ரொம்பக் குறைவு! செம்பு மீனின் செவுளைத்தான் முதலில் தாக்குகிறது, உடம்பில் உப்பைத் தக்கவைக்கும் வேலையைக் கெடுக்கிறது. நத்தைக்கும் இறாலுக்கும் மீனுக்கு ஆகும் அளவைவிடக் குறைந்த செம்பே போதும். போதாக்குறைக்குத் தண்ணீரைப் பொறுத்து கணக்கு மாறும். கடினமான போர் தண்ணீரில் செம்பின் வீரியம் குறையும், மென்மையான தண்ணீரில் கூடும். எங்கள் தெருவில் அந்த வாரம் லாரித் தண்ணீர். அது எப்படிப்பட்ட தண்ணீர் என்று நானும் பார்க்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. 120 வருடத்துக்கு முன்பே அச்சடித்து வைத்த எச்சரிக்கை என் பாட்டில் வரைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

செம்பு மட்டும்தான் தங்கமீனைக் கொன்றதா என்றால், அதுவும் இல்லை என்று நினைக்கிறேன். அது இறந்தது விடியற்காலையில், மேலே வந்து வாயைத் திறந்தபடி. ஒரு தொட்டி நிறைய இருந்த பச்சை ஒரேயடியாகச் செத்தால், அதை அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எல்லாம் குடித்துவிடும். இரவில் செடிகளும் ஆக்சிஜன் தராது, அவையும் சுவாசிக்கும். அதனால் விடிகிற நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். ஏர் பம்ப் சத்தம் படிக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று நான் இரவில் அணைத்து வைப்பேன். அன்றைக்கும் அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

கொன்ற பிறகு தண்ணீரில் என்ன மிஞ்சும் என்று யோசிக்காததன் விலை, என் தொட்டியில் ஒரு மீன். ஆஸ்திரேலியாவில் அது மனிதர்கள் வரைக்கும் போனது. இந்த ஆசாமி விஷம் வைத்திருக்கலாம் என்பது அந்த நாட்டில் பழைய செய்திதான். 1878-லேயே ஜார்ஜ் ஃபிரான்சிஸ் என்பவர், தெற்கு ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் பச்சைப் படலம் மிதந்த தண்ணீரைக் குடித்த ஆடு மாடு குதிரைகள் செத்ததை 'நேச்சர்' இதழில் எழுதியிருந்தார். நூறு வருடம் கழித்து, 1979 நவம்பரில், குவீன்ஸ்லாந்துக் கரையோரம் உள்ள பாம் தீவில் வாழ்ந்த பூர்வகுடிக் குடும்பங்களில் 148 பேருக்குக் கல்லீரல் வீக்கமும் வாந்தியும் வந்தது. அதில் 138 பேர் குழந்தைகள். என்ன காரணம் என்று யாருக்கும் புரியாமல் 'பாம் தீவின் மர்ம நோய்' என்றே பெயர் வைத்தார்கள். பிறகு ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது. தீவுக்குக் குடிநீர் தரும் சாலமன் அணையில் நீலப்பச்சைப் பாசி பெருகியிருந்தது. அதைப் போக்க நோய் வருவதற்குச் சில நாள் முன்பு செம்பு சல்பேட் போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை பெருமளவு செல்லுக்குள்ளேயே இருந்த நஞ்சு, செல் உடைந்ததும் தண்ணீரில் கலந்து குழாய் வழியாக வீடுகளுக்குப் போய்விட்டது. அந்த நஞ்சின் வேதி அமைப்பைக் கண்டறிந்தது 1992-ல்தான்.

வீட்டுத் தொட்டியில் வரும் படலம் எல்லாம் இப்படி விஷம் கக்கும் என்று பயமுறுத்த வரவில்லை. ஆனால் ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீர் இறைக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

இப்போது முக்காட்டைத் தூக்கலாம். என் தொட்டியில் வந்தது பாசியே அல்ல. சயனோபாக்டீரியா. ஒரு வகை பாக்டீரியா.

இதை நீலப்பச்சைப் பாசி என்று கூப்பிட்டுப் பழகிய வரலாறும் சுவையானதுதான். ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் கோன் 1870-களிலேயே இதை பாக்டீரியாவோடு சேர்த்து ஒரே பிரிவில் வைத்தார். ஆனாலும் பச்சையாக இருக்கிறது, வெளிச்சத்தில் உணவு தயாரிக்கிறது என்பதால் தாவரவியலாளர்கள் விடவில்லை. நூறு வருடம் அவர்களிடமே இருந்தது. அதில் நம்மவர்களின் பங்கு பெரிது. இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959-ல் வெளியிட்ட 'சயனோபைட்டா' என்ற நூலை இன்றும் உலகெங்கும் நுண்ணோக்கி பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சயனோபைட்டா என்றால் நீலத் தாவரம் என்று பொருள். அந்தப் பெயரே அன்றைய நிலைமையைச் சொல்லிவிடும். அதற்குள் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்துவிட்டது. செல்லுக்குள் பார்த்தால் உட்கரு இல்லை, பசுங்கணிகம் இல்லை, அமைப்பெல்லாம் பாக்டீரியாவுக்குரியது. 1978-ல் ரோஜர் ஸ்டானியரும் கூட்டாளிகளும், இனி இதற்குப் பாக்டீரியா விதிகளின்படியே பெயர் வைக்க வேண்டும் என்று முன்மொழிந்தார்கள். (இன்னொரு வேடிக்கை. செடிகளின் செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகமே, ஏதோ ஒரு காலத்தில் இன்னொரு செல் விழுங்கிச் செரிக்காமல் வைத்துக்கொண்ட சயனோபாக்டீரியாவின் வாரிசுதான். அப்படிப் பார்த்தால் தொட்டியில் நான் ஆசையாய் வளர்த்த செடியும், வெறுத்து அழித்த படலமும் சொந்தக்காரர்கள்.)

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மருந்தே இருக்கிறது. பாக்டீரியா என்றால் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் வேலை செய்யும். அமெரிக்க மீன் வளர்ப்பாளர்கள் எரித்ரோமைசினைப் போட்டுப் பார்த்தார்கள், படலம் சில நாளில் கரைந்தது. இந்த மருந்துக்கும் ஒரு கதை உண்டு. பிலிப்பைன்ஸின் இலோய்லோ பகுதி மண்ணை 1949-ல் அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர் எலை லில்லி நிறுவனத்துக்கு அனுப்பினார். அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்து, 1952-ல் விற்பனைக்கு வந்தது எரித்ரோமைசின். மனிதனின் தொண்டை வலிக்கும் நுரையீரல் காய்ச்சலுக்கும் வந்த மருந்து கடைசியில் மீன் தொட்டிக்கும் வந்தது.

நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதற்கு நல்ல பாக்டீரியா கெட்ட பாக்டீரியா என்ற பாகுபாடு கிடையாது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றி, மீன்களை உயிரோடு வைத்திருப்பதும் ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்களே. மருந்து அவற்றையும் கெடுக்கக்கூடும். அம்மோனியா ஏறினால் பழைய கதைதான். நம் நாட்டில் இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து வேறு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஆன்டிபயாடிக்கைச் சாக்கடையில் ஊற்றினால், மருந்துக்கு மசியாத கிருமிகள் வளரும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். எல்லாவற்றையும்விட முக்கியம், படலம் ஏன் வந்தது என்ற கேள்விக்கு மாத்திரையில் பதில் இல்லை. காரணம் அப்படியே இருந்தால் ஒரு மாதத்தில் திரும்ப வரும்.

ஏன் வருகிறது என்பதில் செடித் தொட்டிக்காரர்கள் போட்ட சண்டை தனி. 1990-களின் நடுவில் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர், பாஸ்பேட்டைப் பட்டினி போட்டு, மற்ற சத்துகளைச் செடிக்குத் தாராளமாகக் கொடுத்தால் பாசி ஒடுங்கும் என்று எழுதினார்கள். சில வருடத்தில் கலிஃபோர்னியாவின் டாம் பார், தன் தொட்டியில் பாஸ்பேட்டை வேண்டுமென்றே ஏற்றியும் பாசி வரவில்லையே என்று எதிர்வாதம் வைத்தார். அவர் கணக்கில் செடி ஆரோக்கியமாக இருந்தால் போதும். ஏரிகளை ஆராய்ந்த வேல் ஸ்மித் 1983-ல் 'சயன்ஸ்' இதழில், பாஸ்பரஸோடு ஒப்பிட நைட்ரஜன் குறைந்த ஏரிகளில்தான் நீலப்பச்சை ஆதிக்கம் செலுத்துகிறது என்று காட்டியிருந்தார். அவற்றில் சில இனங்களுக்குக் காற்றில் உள்ள நைட்ரஜனையே பிடித்துக்கொள்ளும் திறமை உண்டு, மற்றவர்களுக்குப் பஞ்சம் வந்தாலும் அவை பிழைக்கும். தொட்டியில் படலம் வந்தால் நைட்ரேட் இருக்கிறதா என்று பார் என்ற அறிவுரை இந்தத் திசையில் வந்ததுதான். ஏரிக்கணக்கு அப்படியே தொட்டிக்குப் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் என் தொட்டியில் நைட்ரேட் சோதித்தபோது கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஜப்பானின் தகாஷி அமானோவைச் சொல்லாமல் விட்டால் நண்பர்கள் அடிப்பார்கள். தொட்டிக்குள் காட்டையும் மலையையும் கொண்டுவந்த கலைஞர், 2015-ல் காலமானார். பாசியைத் தின்ன 1980-களில் அவர் கூட்டம் கூட்டமாக விட்ட சின்ன இறாலுக்கு இன்று அவர் பெயரே நிலைத்துவிட்டது, அமானோ இறால். வாரிங்டனின் நத்தைதான், கொஞ்சம் அழகாக! 1999-ல் டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிய புத்தகத்தில் சாதாரண மண், நிறையச் செடி, நத்தை என்று தொட்டியை அதன் போக்கில் விடச் சொல்கிறார். படிக்கும்போது 1850-க்கே திரும்பிப் போன மாதிரி இருந்தது.

கடைசியில் நான் என்ன செய்தேன் என்றால், முதலில் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு படலத்தைக் கையால் உரித்து (உறை போட்டுக்கொண்டுதான்), மிச்சத்தை ட்யூபால் உறிஞ்சி எடுத்தேன். குளோரின் போக்கிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வீதம் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினேன். செம்பைக் குறைக்க ஃபில்டரில் கரி. மூன்று நாள் தடித்த போர்வை போட்டுத் தொட்டியை முழு இருட்டாக்கினேன், ஏர் பம்ப் இரவு பகலாக ஓடியது, தீனி கிடையாது. போர்வையை எடுத்ததும் செத்ததை எல்லாம் மறுபடி உறிஞ்சி வெளியே எடுத்தேன். இருட்டும் ஒருவகைக் கொலைதான், பிணத்தை உள்ளேயே விட்டால் அழுகத்தான் செய்யும். தொட்டியை ஜன்னலை விட்டு உள்சுவருக்கு மாற்றி, விளக்கை ஏழு மணி நேரமாகக் குறைத்தேன். செடிக்குப் பொட்டாசியம் நைட்ரேட் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நைட்ரேட்டை லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் வைத்திருக்கிறேன். தீனி போடுவது இனி தங்கை மட்டும், நாளைக்கு ஒரு தடவை.

படலம் ஒரு மூலையில் இன்னும் எட்டிப் பார்க்கிறது. கட்டைவிரல் அளவுதான். முழுசாகப் போகவில்லை, போகும் என்றும் சொல்ல முடியாது. பூமியின் காற்றில் ஆக்சிஜனை நிரப்பும் வேலையை 240 கோடி வருடத்துக்கு முன்பே தொடங்கிவிட்ட ஆசாமி, என் போர்வைக்கா பயப்படுவார்?

செம்பு தண்ணீரில் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கப் போன மாதம் முதலில் இரண்டே இரண்டு நத்தைகளை விட்டோம். இரண்டு வாரம் தங்கை தினமும் காலையில் எழுந்ததும் ஓடிப்போய் அவை கண்ணாடியில் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பாள். ஒட்டியிருந்தன. அதற்குப் பிறகுதான் புதுத் தங்கமீன் வந்தது. நேற்று எண்ணிப் பார்த்ததில் செடி இலைகளின் அடியில் மூன்று முட்டைக் கொத்துகள். தங்கமீன் இன்னும் அவற்றைக் கண்டுபிடிக்கவில்லை.